கென் தொம்சன் என்னும் கம்மியர்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் வழமையாக நாயன்மார் சரிதம் பேசப்படும். அல்லது சித்தாந்தம் பேசப்படும். அல்லது பண்டை இலக்கியத்தின் சுவை எடுத்துரைக்கப்படும். அவற்றைப் பேசும் தகுதி எனக்கில்லை என்பதை அறிந்தே போலும், "தம்பி, நீர் படிக்கிற படிப்பிலிருந்து ஏதாவது சொல்லும்" என்று செயலாளர் ஐயா அவர்கள் பணித்தார்கள். நான் படிப்பது கணனி விஞ்ஞானம். அதன் சூத்திரங்களை இங்கே விரித்தால் சபையோர் எழுந்து போய்விடுவீர்கள் என்ற அச்சத்தினால், சூத்திரத்தை விட்டு ஒரு மனிதரின் தொழிலைப் பற்றிப் பேசத் துணிந்தேன். அதற்கு ஏதுவாயிருந்தது நமது சங்கத்து அலுமாரியிற் கிடந்த ஓர் இறுவட்டு.

சென்ற ஆண்டு மலர் வேலையின்போது, பழைய மலரொன்றிலிருந்து ஒரு கட்டுரையை மறுபிரசுரஞ் செய்ய வேண்டுமென்று அந்த இறுவட்டை என்னிடம் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தேன். தமிழைக் காணவில்லை. திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. இறுவட்டு பழுதாகவில்லை. அக்கட்டுரை, நம் நாட்டில் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த "பாமினி" எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. அந்த எழுத்துருவில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்கள். மேலே போர்த்தப்பட்டிருப்பது மட்டுமே தமிழ் உருவம். போர்வையை எடுத்துவிட்டால், "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அன்னையை இப்படிப் பார்ப்பது யாருக்கும் உவப்பாயிராது.

இன்றோ நாம் கைத்தொலைபேசியில் "அம்மா" என்று எழுதி ரொறன்ரோவிலிருக்கும் சிற்றன்னைக்கு அனுப்பினால், அது "அம்மா" என்றே போய்ச் சேர்கிறது. கூடவே எழுத்துருவைக் கட்டி அனுப்ப வேண்டியதில்லை. இடையிலே நடந்ததென்ன என்று தேடிப் பார்த்தேன். பலருடைய உழைப்புத் தெரிந்தது. அவருள் ஒருவர், 1992 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஓரிரவு, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து உணவுக்கடையொன்றிலே, உணவுத் தட்டின் கீழ் விரிக்கும் காகிதத்தை எடுத்து அதில் ஒரு முறையை எழுதிக் காட்டியவர். அவர் பெயர் கென் தொம்சன். அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுமுன், அதை எழுதிய கை எத்தகைய பயிற்சி பெற்ற கை என்பதைச் சொல்ல வேண்டும்.

தொம்சன் 1943 இல் நியூ ஓர்லீன்ஸ் நகரிலே பிறந்தவர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் கற்று, 1966 இல் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். சேர்ந்தவுடன் அவருக்குக் கிடைத்த வேலை "மல்ரிக்ஸ்" என்ற பெருந்திட்டம். ஒரு பெரிய கணனியைப் பல பேர் ஒரே வேளையிற் பயன்படுத்துதற்கான பணிசெயல் முறைமை அது. பணிசெயல் முறைமை என்பது கணனியின் மணியகாரரைப் போன்றது. எவருடைய வேலை முன்னே, எவருடைய கோப்பு எங்கே, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பவற்றையெல்லாம் அதுவே தீர்மானிக்கும். மல்ரிக்ஸ் பெரிதாயிற்று, மேலும் பெரிதாயிற்று, வேண்டிய காலத்தில் முடியவில்லை. 1969 இல் பெல் ஆய்வுகூடம் அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

நல்ல கருவியிற் பழகிய கைக்கு அந்தக் கருவி திடீரெனப் பறிபோனால் எப்படியிருக்கும்? தொம்சனும் அவர் தோழர் டெனிஸ் றிச்சியும் புதுக் கணனி ஒன்று வாங்கித் தருமாறு மேலிடத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்தார்கள். கிடைத்தது, எவரும் பெரிதாகக் கவனியாத பி.டி.பி.-7 என்ற பழைய இயந்திரம். அதன் நினைவகம் 18 பிற்றுக் கொண்ட சொற்கள் 8,192 மட்டுமே. இற்றைக் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 18 கிலோபைற்று. நான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் இவ்வுரையைத் தமிழிலே தட்டச்சுச் செய்து சேமித்தால் அது அந்த நினைவகத்தினுள் அடங்காது. ஏன் அடங்காது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

அந்த ஆண்டுக் கோடையில் தொம்சனின் மனைவியார் ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலிபோர்ணியாவிலிருந்த மாமன் மாமியிடம் மூன்று கிழமை தங்கியிருக்கச் சென்றார். வீட்டில் ஆளில்லாத அந்த மூன்று கிழமையில், செய்நிரல்களை எழுதித் திருத்துவதற்கு ஒன்று, அவற்றை இயந்திர எண்களாக்குவதற்கு ஒன்று, எல்லாவற்றையும் நடத்தும் கரு ஒன்று என, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமையாக எழுதி முடித்தார். பின்னர் "யூனிக்ஸ்" என்று பெயர் பெற்ற முறைமை இவ்வாறு எழுந்து நின்றது.

இக்கதையைக் கேட்கும் என் போன்ற மாணவர்கள், "மூன்று கிழமையில் ஒரு முறைமையா!" என்று வியந்து, பரீட்சைக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது படிக்கத் தொடங்குவதற்கு அதை நியாயமாகக் கொள்வதுண்டு. அது சரியன்று. வட்டிலே கோப்புகளை ஒழுங்கு செய்யும் முறையை றிச்சியோடும் கனடே என்பவரோடும் கரும்பலகையின் முன் நின்று முன்னரே வகுத்திருந்தார். மல்ரிக்ஸின் குறைநிறைகளைப் பல ஆண்டுகள் கையிலே பட்டு அறிந்திருந்தார். மூன்று கிழமை என்பது அறுவடைக் காலம். உழுததும் விதைத்ததும் கணக்கில் வருவதில்லை.

அவருடைய தொழிற்றிறனின் சாரம் எதுவென்று என்னைக் கேட்டால், எதைச் செய்யாமல் விடுவது என்று அறிந்திருந்தமையே என்பேன். மல்ரிக்ஸ் எல்லாவற்றையும் செய்ய முயன்றது. யூனிக்ஸ் சிலவற்றையே செய்தது. ஒரு கருவி ஒரு வேலை. ஒரு கருவியின் விளைவு அடுத்த கருவியின் வாயிலே விழ வேண்டும். வாய்க்காலில் நீர் ஓடுவது போல இவ்வாறு ஒன்றோடொன்று தொடுக்கும் "குழாய்" முறையைப் பல காலம் வற்புறுத்தி வந்தவர் அவர்களுடைய பிரிவுத் தலைவர் டக் மக்கில்றோய். 1973 இல் தொம்சன் ஒரே இரவில் அதைச் செய்து கொடுத்தார். கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடி எடுக்கும் "கிரெப்" என்ற கருவியும் அவருடையதே. அதன் கதை சுவையானது. அப்படியொரு கருவி வேண்டுமென்று மக்கில்றோய் கேட்டபோது, தொம்சன் அதைத் தம் சொந்தப் பாவனைக்கு முன்னமே எழுதி வைத்திருந்தார். ஆயினும் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. பிறர் கையாளத்தக்கதாக அன்றிரவு திருத்தி, மறுநாள் கொடுத்தார். தனக்கென்று செய்வதற்கும் ஊருக்கென்று கொடுப்பதற்கும் இடையே அவருக்கு ஓர் இரவு இருந்தது. நம்மிற் பலருக்கு அந்த இரவு இருப்பதில்லை.

றிச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொம்சன் "பி" என்ற செய்நிரல் மொழியை ஆக்கினார். அதிலிருந்து றிச்சி "சி" மொழியை வளர்த்தார். 1973 இல் யூனிக்ஸின் கரு முழுவதும் அம்மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதன் பின்னரே அது இயந்திரத்துக்கு இயந்திரம் குடிபெயர முடிந்தது. இருவரும் சேர்ந்து வேலை செய்த ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பங்கீடு பிழைத்தது என்று தொம்சன் கூறியிருக்கிறார். அன்று ஒருவர் செய்ய வேண்டியதை இருவரும் தனித்தனியே எழுதிவிட்டனர். 20 வரி கொண்ட செய்நிரல். ஒப்பிட்டுப் பார்த்தபோது ஓர் எழுத்தும் வேறுபடவில்லையாம். 1983 ஆம் ஆண்டின் ரூறிங் விருது இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. றிச்சி 2011 இற் காலமானார். நமது கைத்தொலைபேசிகளில் இயங்கும் அன்ட்ரொயிட் என்பதன் உள்ளே லினக்ஸ் இருக்கிறது. 1991 இல் பின்லாந்து மாணவர் ஒருவர் தொடங்கிய அந்த லினக்ஸ், யூனிக்ஸின் மாதிரியைப் பார்த்தே புதிதாக எழுதப்பட்டது.

நிற்க. விருது பெற்றவர் விருதுரை நிகழ்த்துவது மரபு. தாம் செய்தவற்றை அடுக்கிச் சொல்லி, ஆசிரியருக்கும் மனைவிக்கும் நன்றி கூறி அமர்வதே பெரும்பாலும் நடப்பது. தொம்சன் என்ன செய்தார் என்றால், தம் தொழிலைக் கொண்டே உலகத்தை எவ்வாறு ஏமாற்றலாம் என்று அந்த மேடையில் விளக்கினார். 1984 இல் அச்சான அந்த உரை சிறியது. நான் அதை நான்கு முறை வாசித்த பின்பே முழுதும் விளங்கியது. இயன்றவரை எளிதாக்கிச் சொல்கிறேன்.

மனிதர் எழுதும் செய்நிரலை இயந்திரம் அறியும் எண்களாக மாற்றுவதற்கு ஒரு செய்நிரல் உண்டு. அதைத் தொகுப்பி என்போம். கணனியின் வாசலிற் கடவுச்சொல் கேட்கும் செய்நிரலை அந்தத் தொகுப்பி மாற்றும்போது, ஒரு கள்ளக் கடவுச்சொல்லையும் ஏற்கும்படி இரகசியமாகச் சேர்த்துவிட்டால்? வாசற் செய்நிரலை வாசிப்பவருக்கு ஒன்றுந் தெரியாது. ஆனால் தொகுப்பியின் மூலத்தை வாசிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். எனவே இரண்டாவது வஞ்சகம். தொகுப்பி தன்னைத்தானே மாற்றும் வேளையில் இந்தக் கள்ளத்தனம் இரண்டையும் மீண்டும் தன்னுள்ளே சேர்த்துக்கொள்ளும்படி செய்துவிட வேண்டும். அதன் பின் மூலத்திலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம். மூலம் தூய்மையாயிருக்கும், எவர் எத்தனை முறை வாசித்தாலும் குற்றங் காணார். கள்ளன் மட்டும் பரம்பரை பரம்பரையாக உள்ளே வாழ்ந்துகொண்டிருப்பான்.

சந்தையிலே ஒரு வியாபாரி கள்ளத் தராசு வைத்திருந்தால் அடுத்த கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். ஊரிலுள்ள தராசுகள் எல்லாவற்றையும் ஒரே பட்டறைக்காரன் செய்திருந்தால்? தராசுகளைச் சோதிக்கும் தராசையும் அவனே செய்திருந்தால்? எந்தத் தராசைத் திறந்து பார்த்தாலும் குற்றந் தெரியாது. அரிசி மட்டும் குறைந்துகொண்டே வரும். தொம்சன் சொன்னது இதுவே. நீரே முழுவதும் செய்யாத ஒன்றை, அதன் மூலத்தை மட்டும் வாசித்து நம்பிவிட முடியாது. முடிவில் நம்புவது அதைச் செய்த மனிதரையே என்றார். இக்கருத்தின் வித்தைத் தாம் விமானப்படை அறிக்கையொன்றிலே படித்ததாகவும் ஒளியாமற் சொன்னார். பிறர் கணனிகளுக்குட் புகுந்து விளையாடும் இளைஞரைப் பத்திரிகைகள் மேதைகளென்று புகழ்ந்ததையும் அதே மேடையிற் கண்டித்தார். வேறொருவர் செய்த இரண்டாவது தொகுப்பியைக் கொண்டு இந்தக் கள்ளனைப் பிடிக்கும் வழியை டேவிட் வீலர் என்பவர் பின்னாளில் ஆராய்ந்து, 2009 இற் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வாகவே சமர்ப்பித்தார். ஊருக்கு இரண்டு பட்டறைகள் வேண்டும் என்பது அதன் பொருள்.

இது 40 ஆண்டுக்கு முற்பட்ட பழங்கதை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. இன்று கேட்ட மாத்திரத்திற் செய்நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவை தந்ததை வாசியாமலே ஒப்படைக்கும் மாணவர் பலர். நானும் ஒரு முறை அவ்வாறு செய்தேன். புள்ளி கிடைத்தது. அந்தச் செய்நிரல் ஏன் வேலை செய்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தொம்சனின் உரையை நான்காம் முறை வாசித்தது அதற்குப் பிறகுதான்.

சதுரங்கத்தை இங்கே விரிக்க நேரமில்லை. ஜோ கொண்டன் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த "பெல்" என்ற சதுரங்க இயந்திரம் 1980 இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த உலகக் கணனிச் சதுரங்கப் போட்டியில் வென்றது. 2019 இற் பழைய கோப்பொன்றிலிருந்த அவருடைய கடவுச்சொல்லைச் சிலர் பெரும்பாடு பட்டுக் கண்டுபிடித்தபோது, அதுவும் ஒரு சதுரங்க நகர்த்தலாயிருந்தது. இராணியின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் முன்னே வைப்பது.

இனி அந்தக் காகித விரிப்பு.

நான் கற்ற மிசன் பாடசாலையில் வேதாகமப் பாடத்துக்கு இந்துப் பிள்ளைகளும் இருப்போம். அங்கே கேட்ட பாபேல் கோபுரக் கதை, கணனியின் எழுத்து வரலாற்றைப் படித்தபோது நினைவுக்கு வந்தது. ஒரு பைற்றிலே 256 எண்களுக்குத்தான் இடம். அதன் முற்பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. மிகுதிக்குள்ளே ஒவ்வொரு நாடும் தன் எழுத்தைத் திணித்தது. ஒருவர் எண் மற்றவருக்கு வேறெழுத்து. இக்குழப்பத்தை நீக்குதற்கு உலக எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் "யுனிகோட்" பட்டியல் 1991 இல் வெளியாயிற்று. அதிலே தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. பெரிய எண்ணை ஒரு பைற்றுக்குள் அடக்க முடியாது. எல்லா எழுத்துக்கும் இரண்டு பைற்று என்று விதித்தால், அதுவரை உலகத்தில் எழுதப்பட்ட கோப்புகளும் செய்நிரல்களும் பிழையாகிவிடும்.

இதற்கு ஒரு வழி வேண்டுமென்று நியமக் குழுவைச் சேர்ந்தோர் தொலைபேசியிற் கேட்டபோது, தொம்சனும் றொப் பைக் என்பவரும் உணவுண்ணச் சென்றனர். அந்த மேசையில் எழுதப்பட்டதே யூ.ரி.எப்.-8. பைக் பார்த்திருக்கத் தொம்சனே அதை வகுத்தார் என்பது பைக்கின் சாட்சியம். சில நாட்களுக்குள் தங்கள் "பிளான் 9" முறைமை முழுவதையும் அதற்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த முறையைப் புகையிரதத்தை வைத்து விளக்கலாம். ஆங்கில எழுத்து தனியே ஓடும் இயந்திரப் பெட்டி. பழையபடி ஒரு பைற்று. அதன் எண்ணும் பழைய எண்ணே. மற்ற எழுத்துகளுக்கு இயந்திரப் பெட்டியின் நெற்றியிலேயே, "என் பின்னால் இத்தனை பெட்டிகள் வருகின்றன" என்று எழுதியிருக்கும். பின்னால் வரும் ஒவ்வொரு பெட்டியிலும், "நான் இயந்திரமன்று, பெட்டி" என்ற குறியிருக்கும். வழியிலே ஒரு பெட்டி கழன்று தொலைந்தாலும், அடுத்த இயந்திரத்தைக் கண்டவுடன் வரிசை தானே சரியாகிவிடும். ஒரு பிழை கட்டுரை முழுவதையும் கெடுக்காது, ஓரெழுத்தோடு நின்றுவிடும். கிரெப்புக்காக ஓர் இரவைச் செலவிட்ட அதே மனம் இங்கேயும் வேலை செய்வதைக் காண்கிறோம். பழையது ஒன்றும் உடையக் கூடாது. புதியது எல்லாம் நுழைய வேண்டும்.

இதில் எமக்கொரு குறையுண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. தமிழெழுத்தின் எண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்று வேண்டும். "அம்மா" என்பது அகரம், மகரம், புள்ளி, மகரம், அரவு என ஐந்து எண்கள். ஆகப் 15 பைற்று. ஆங்கிலேயன் தன் தாயை அவனுடைய மொழியில் அழைக்க அதில் அரைவாசியும் வேண்டியதில்லை. என் உரை அந்தப் பழைய இயந்திரத்தில் அடங்காது என்று சொன்னது இதனாலேதான். எம்மவர் சிலர் இதை அநீதி என்கின்றனர். முதலில் வந்தவன் திண்ணையைப் பிடித்துக்கொண்டான் என்பது உண்மையே. ஆயினும், எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டு ஒருவரும் ஏற்றுக்கொள்ளாத முறையொன்று வந்திருந்தால், நாம் இன்னும் பாமினியையே கட்டிக்கொண்டு அழுதிருப்போம் என்பது என் எண்ணம். பழையவர்களைத் தொந்தரவு செய்யாதபடியாலேயே உலகம் அதனை ஏற்றது. உலகம் ஏற்றபடியாலேயே என் சிற்றன்னைக்கு "அம்மா" போய்ச் சேர்ந்தது. பெரியோர்கள் மாறுபட்டால் கூட்டத்தின் பின் என்னைத் திருத்தலாம்.

தொம்சன் 2000 ஆம் ஆண்டின் முடிவிற் பெல் ஆய்வுகூடத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு நெடுநாள் ஓய்வாயிருக்கவில்லை. 2006 இல் கூகிள் நிறுவனத்திற் சேர்ந்தார். மறு ஆண்டு, தம் 64 ஆம் வயதில், றொப் பைக்கோடும் றொபேட் கிறீசமரோடும் சேர்ந்து "கோ" என்ற செய்நிரல் மொழியை வகுக்கத் தொடங்கினார். அரசன் என்று பொருள்படும் நம் சொல்லன்று. போ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். மூவரும் உடன்பட்டாலன்றி எந்த அம்சமும் மொழிக்குள் நுழையாது என்பது அவர்களுக்குள் இருந்த வழக்கம். 2009 இல் அது வெளியாயிற்று. அம்மொழியிலே எழுதும் கோப்புகள் அனைத்தும் யூ.ரி.எப்.-8 ஆகவே இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

இவ்வுரைக்கு ஆயத்தஞ் செய்தபோது எனக்கோர் ஆசை பிறந்தது. தமிழெழுத்துக்கு வழி திறந்தவரின் மொழியல்லவா? அதிலே கணியங்களுக்குத் தமிழிலே பெயரிட்டு ஒரு சிறு செய்நிரல் எழுதுவோமென்று உட்கார்ந்தேன். "பல" என்று ஒரு பெயர் வைத்தேன். ஏற்றுக்கொண்டது. மகிழ்ச்சியோடு "சில" என்று அடுத்த பெயர் வைத்தேன். ஏற்க மறுத்துவிட்டது. நெடுநேரம் புரியவில்லை. பின்னர் மொழியின் வரையறையை எடுத்து வாசித்தபோது காரணந் தெரிந்தது. பெயரிலே எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். சகரம் எழுத்து, அதன் மேலுள்ள விசிறி, யுனிகோட்டின் வகுப்பின்படி எழுத்தன்று, எழுத்தோடு ஒட்டும் குறி. புள்ளியும் அவ்வாறே; அரவும் கொம்பும் அவ்வாறே. ஆகவே "பல" உள்ளே போகலாம். "சில" வாசலில் நிற்க வேண்டும். "அம்மா"வும் வாசலிலேதான்.

மேற்கோட்குறிக்குள் இட்டு அச்சிடச் சொன்னால் "அம்மா" என்று அழகாக அச்சிடுகிறது. பெயராக மட்டும் வைத்துக்கொள்ள விடவில்லை. அந்த விதி எழுதப்பட்ட மேசையில், விசிறி தட்டப்பட்ட மகரத்தையும் புள்ளி வைத்த மகரத்தையும் அரிச்சுவடியிலே எழுத்தென்று படித்தவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அம்மொழியின் மூலம் எவரும் வாசிக்கக் கூடியதாகத் திறந்து கிடக்கிறது. பெயர்களைச் சோதிக்கும் பகுதி எங்கேயிருக்கிறதென்று பார்த்து வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறை மூன்று கிழமை.